முகாம் கலைந்த பிறகு

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் மருத்துவமனையின் ஊர்நலப் பிரிவினர் ஆற்றிய உரை)



இவ்வுரையை எழுதியவர்கள் ஐந்து பேர், வாசிப்பவர் ஒருவர். ஆகவே 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் ஒரு டாக்டர், இரண்டு சகோதரிகள், ஒரு நர்சு, வேன் ஓட்டும் அண்ணன் ஆகிய ஐவரையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். டிரைவரை எதற்குச் சேர்த்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். நாங்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, அந்த ஊரில் உண்மையாக என்ன நடக்கிறதென்று அறிந்து வருபவர் அவர் ஒருவரே.

விழா நாளில் வெற்றிகளைச் சொல்வதே வழக்கம். நாங்கள் ஒரு தோல்வியைச் சொல்லித் தொடங்க உங்கள் அனுமதியைக் கேட்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கிளை ஊர் ஒன்றில் பெரிய மருத்துவ முகாம் நடத்தினோம். உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். பள்ளி வளாகத்தில் பந்தல், ஒலிபெருக்கி, வாசலில் வரவேற்புப் பதாகை, வந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும். காலை முதல் மாலை வரை ரத்த அழுத்தம் பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம், பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தோம், கடைசியில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அன்று வந்தவர்களில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர். சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருந்தது. "அவசியம் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றோம். "வர்றேன் டாக்டர்" என்றார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஆலோசனை கூறப்பட்டது' என்று எழுதிச் சரிக்குறி இட்டோம்.

ஓராண்டுக்கும் மேலான பிறகு ஆட்டோவில் அவரைத் தாங்கிப் பிடித்தபடி அவர் மனைவி வந்து இறங்கினார். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. உள்ளங்காலில் ஒரு கருவேல முள். எத்தனை நாளாக இருந்தது என்று அவருக்கே தெரியாது, வலித்தால்தானே தெரியும்? நம்மிடம் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அவர் உயிர் பிழைத்தார், பிழைப்பு போயிற்று.

அந்த அம்மா எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அன்னைக்கு அத்தனை பேர் வந்து பார்த்தீங்களே, அப்புறம் ஏன் ஒருத்தரும் வரல?"

நாங்கள் அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். சரிக்குறி அப்படியே இருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அந்த ஊருக்கும் தன்னார்வலர் அம்மா மாதந்தோறும் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் இவர் பெயர் அவர் பட்டியலில் இல்லை. பகலில் அவர் வந்த நேரமெல்லாம் இவர் சந்தைப்பேட்டையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். இவருக்குச் சர்க்கரை என்பதை அறிந்த ஒரே இடம் நம்முடைய அலமாரி. நாம் அதைப் பூட்டி வைத்திருந்தோம்.

மருந்து இல்லாமல் இந்தக் கால் போகவில்லை, டாக்டர் இல்லாமலும் போகவில்லை. எல்லோரும் இருந்தோம், ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தோம். நாங்கள் இப்போது தொடங்க விரும்பும் பணிக்கு வித்து இதுவே.

இவ்விடத்தில் நம் மண்ணோடு தொடர்புடைய டாக்டர் ஒருவரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் உலகம் நம்பியிருந்தது. அவரோ நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து, சதை தானாக அழுகவில்லை, நரம்பு மரத்துப்போனதால் சூடும் முள்ளும் ஆணியும் உறைக்காமல், பட்ட புண்ணிலேயே மறுபடி மறுபடி பட்டு விரல் தேய்கிறது என்று கண்டார். பின்னாளில் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் ஊரில் பணியாற்றியபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் நடப்பது இதுவே என்று உணர்ந்து அதே முறைகளை அங்கும் கையாண்டார். வலி என்பது காவல்காரன். காவல்காரன் தூங்கிவிட்டால் வேறொருவர் விழித்திருந்து பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை போதும். அதை உள்ளங்காலில் ஊன்றி, அது வளையும் வரை அழுத்தினால் பத்து கிராம் அளவு அழுத்தம் விழும். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நோயாளி 'தொடுகிறது' என்று சொல்லாத இடம் மரத்துப்போன இடம். எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்மணி ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டார்கள், பார்த்தோம்.

படிப்பில்லாத பெண்களை வைத்து வைத்தியமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஜாம்கேட் ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். வேலூரில் பயின்ற டாக்டர் தம்பதியர் ரஜனிகாந்த் ஆரோளேயும் மேபல் ஆரோளேயும் 1970இல் மகாராட்டிரத்தில், அன்றைய அகமத்நகர் மாவட்டத்தில், வறட்சிக்குப் பேர்போன ஜாம்கேட் வட்டாரத்தில் பணி தொடங்கினார்கள். அதற்கு முன் ஒரு மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் உழைத்துப் பார்த்திருந்தார்கள். குணமாகிப் போன குழந்தை அதே நோயோடு மறுபடி வருவதைக் கண்டு சலித்து, பொதுச் சுகாதாரம் பயில அமெரிக்கா சென்று திரும்பியவர்கள் அவர்கள். தாங்களாக ஒரு கட்டடம் கட்டிக்கொண்டு 'வாருங்கள்' என்று அழைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, ஊர் அழைத்த பிறகே போனார்கள்.

போய்க் கேட்டால், மக்கள் மருந்து கேட்கவில்லை. தண்ணீரும் சோறும் கேட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மகாராட்டிரத்தைக் கொடிய வறட்சி வாட்டிய காலம் அது. எனவே டாக்டர்களின் முதல் வைத்தியம் ஆழ்துளைக் கிணறும் குழந்தைகளுக்குச் சத்துணவும் ஆயிற்று. அந்தக் கைபம்புகளைத் தலித் மக்களின் குடியிருப்பிலேயே அமைக்கச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தாகம் எடுத்தவர் அங்கேதான் வந்தாகவேண்டும். மேடைப் பேச்சு செய்யாததை ஒரு பம்பு செய்தது.

அடுத்தது ஒரு தவறு. பயிற்சி பெற்ற நர்சுகளை ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் அவர்களை ஏற்கவில்லை; வெளியூர்ப் பெண்களுக்கும் தனியே தங்க மனமில்லை. அப்போதுதான் உள்ளூர்ப் பெண்ணையே பழக்கினால் என்ன என்ற யோசனை வந்தது. அதுவும் ஊரிலிருந்தே வந்தது. ஒவ்வோர் ஊரும் தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்களில் எழுத்தறியாதவர்கள் பலர், தலித் பெண்கள் பலர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து தங்கிப் பயின்றார்கள். பேறுகாலம், வயிற்றுப்போக்கு, குழந்தையின் எடை, தடுப்பூசி, காசநோய், தொழுநோய் என்று ஒவ்வொன்றாகக் கற்று, வீடு திரும்பி அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னார்கள். 1971இல் அவ்வூர்களில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 176 முதலாண்டு முடியுமுன் இறந்துகொண்டிருந்தன. தொண்ணூறுகளில் அந்த எண் முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. 1979இல் அத்தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதைவிட எங்களைக் கவர்ந்தது வேறொன்று. ஊர் ஆண்களைக் கூட்டுவதற்கு அவர்கள் கையாண்ட வழி கைப்பந்து விளையாட்டு. விளையாட வந்தவர்கள் பிறகு உழவர் மன்றமாக உட்கார்ந்தார்கள். நம் இளைஞர் மன்றத்தார் கவனிக்கவேண்டுகிறோம்.

1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, தங்கள் நலப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு கொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று அறிவித்தன. உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. அந்த இரண்டாவது சொல்லை நாமெல்லாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஆக, நாங்கள் என்ன செய்தோம்? திட்டத்தை எழுதுவதற்கு முன் மூன்று மாதம் ஏழு ஊர்களிலும் நடந்தோம். வேனை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டோம். வேனைக் கண்டால் மாத்திரைக்குக் கூட்டம் கூடிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து, "உங்களுக்கு எது சிரமம்?" என்று மட்டும் கேட்டோம். நாங்கள் எதிர்பார்த்துப் போன விடை ஸ்கேன், சிறப்பு மருத்துவர், ஆம்புலன்ஸ். கேட்ட விடைகளில் சிலவற்றைச் சொல்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பேருந்து பத்து மணிக்குத்தான் வருகிறது, அதற்குள் அங்கே வரிசை முடிந்துவிடுகிறது என்றார் ஒருவர். இன்சுலினை எங்கே வைப்பது, எங்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லையே என்றார் ஒரு பாட்டி. (மண்பானையை ஈர மணலில் வைத்து, அதனுள் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். அறை வெயிலுக்கு அது எவ்வளவோ மேல்.) படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போட ஆளில்லை, முதுகெல்லாம் புண் என்று ஒரு மருமகள் அழுதார். குடி பற்றிச் சொல்லாத பெண்களே இல்லை. சொன்னவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டே சொன்னார்கள்.

நாங்கள் எழுதி வைத்திருந்த முதல் திட்டத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதைக் கிழித்துப் போட்டோம்.

இப்போது முன்வைப்பது சிறிய திட்டம். ஒவ்வோர் ஊரும் தன் பெண்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். மருத்துவமனை அவரைப் பழக்கும். வாரம் ஒருநாள் பயிற்சி, மாதம் ஒரு சிறு ஊதியம். ஊதியம் வேண்டாம், சேவையாகச் செய்யட்டும் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். ஏழைப் பெண்ணின் நேரத்துக்கு மட்டும் ஏன் விலையில்லை என்பது எங்கள் பதில் கேள்வி. அவர் மாதம் ஒருமுறை சர்க்கரை உள்ள ஒவ்வொருவரின் பாதத்தையும் பார்ப்பார். மரத்த பாதத்துக்கு மென்ரப்பர் வைத்த செருப்பு. தொழுநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகத் தைத்துக் கொடுக்கும் அதே எம்.சி.ஆர். செருப்புதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார். காசநோய்க்கு மருந்து இலவசம். அத்துடன் சத்துணவுக்கென்று மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பர் முதல் அதை 1000 ஆக்கியுள்ளது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கும் வங்கிக் கணக்கைச் சேர்க்க வழி தெரியாது. அதைச் செய்து கொடுப்பதும் நலப் பணியே.

மாத்திரை கொடுக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதை அரசு செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஒரே வாசலில் இரண்டு பேர் மாத்திரையோடு நின்றால் பாட்டி இரண்டையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார். கிராம சுகாதார செவிலியரும் மருத்துவத் தன்னார்வலரும் நம் பணியாளரும் மாதம் ஒருநாள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இதற்காக வட்டார மருத்துவ அலுவலரைச் சந்தித்தோம். தயங்கினார், பிறகு சம்மதித்தார். நோயாளி ஒப்புக்கொண்டால் மட்டுமே அவர் பெயர் கொடுக்கப்படும். நோயாளிகள் பட்டியலைத் திருப்பலியில் வாசித்துச் செபிக்கலாமே என்று நல்ல மனத்தோடு ஓர் அன்பியத்தார் கேட்டார்கள். பெயரைச் சொல்லிச் செபியுங்கள், நோயைச் சொல்லவேண்டாம். காசநோய் என்று மைக்கில் சொன்னால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது.

படுத்த படுக்கையாக இருப்போரைக் கவனிக்கும் பகுதியைக் கேரளத்தைப் பார்த்துக் கற்றோம். கோழிக்கோட்டில் 1993இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தொடங்கிய சிறு சங்கம், 2001 முதல் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரின் பிணைப்பாக விரிந்தது. மாணவர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று யாரும் 16 மணி நேரப் பயிற்சி பெற்று, பக்கத்துத் தெருவில் படுத்திருப்பவரைப் பார்த்துவரலாம். செலவில் பெரும்பகுதி உள்ளூரில் சிறுகச் சிறுகச் சேர்ந்த காசு. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நம் வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு சந்திக்கும் பழக்கம் உள்ளவர்கள். சந்திக்கும்போது ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் தெரிந்திருந்தால் போதும்.

இனி, மனத்தாங்கல் தரக்கூடிய இரண்டு செய்திகள்.

முதலாவது பணம். பொன்விழா நிதியைக் கொண்டு மருத்துவமனைக்கு ஒரு ஸ்கேன் கருவி வாங்கித் தருவதாக விழாக் குழுவினர் முன்வந்தார்கள். கொடையாளர் பெயர்ப் பலகையும் எழுதக் கொடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டோம். அந்தத் தாராள மனத்துக்கு நன்றி. ஆனால் ஸ்கேன் கருவியை வாங்கி வைத்தால் ஆயிற்றா? 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்யவேண்டும், தகுதி பெற்ற மருத்துவர் இருந்து இயக்கவேண்டும். அப்படி ஒருவர் நம்மிடம் இல்லை, வருவதற்கும் இல்லை. துணி போர்த்திய கருவி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு மூலையில் நிற்கிறது. அதே தொகை ஏழு ஊர்ப் பணியாளர்களின் ஊதியத்துக்கும் செருப்புக்கும் சில ஆண்டுகள் வரும். செருப்பில் பெயர் பொறிக்க இயலாது என்பது உண்மைதான்.

இரண்டாவது, இதைவிடக் கடினமானது. ஏழு ஊர்களில் ஐந்து தங்கள் பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டன. ஓர் ஊரில் பெண்கள் கூடிக் கீழத்தெருப் பெண்மணி ஒருவரைத் தேர்ந்தார்கள். நாங்கள் நடந்த மூன்று மாதமும் எங்களோடு கூடவே வந்தவர், யார் வீட்டில் யாருக்கு என்ன என்று விரல்நுனியில் வைத்திருப்பவர். மறுவாரம் மேலத்தெருவிலிருந்து நால்வர் வந்து, "ஆளை மாற்றுங்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காலை அவர் தொடுவது சரிவராது" என்றார்கள். பெரிய வியாழனன்று கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்கு ஆண்டுதோறும் முன்வரிசையில் அமர்பவர்கள் அவர்கள். நாங்கள் அன்று அவர்களிடம் வாதாடவில்லை. ஆளை மாற்றமாட்டோம் என்று மட்டும் சொன்னோம். சபையிலும் அதையே சொல்கிறோம். மேலத்தெருவில் யாருக்குப் பாதம் காட்ட விருப்பமோ அவர்கள் காட்டட்டும். விருப்பமில்லாதவர்கள் மருத்துவமனைக்கு வரட்டும், டாக்டர் பார்ப்பார். அந்தத் தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இரவில் தூக்கம் வரவில்லை.

அவர்களில் ஒரு வயதான அம்மா போன வாரம் யாருக்கும் சொல்லாமல் பின்வாசல் வழியாக வந்து அந்தப் பெண்மணியிடம் பாதத்தைக் காட்டிப் போனாராம். டிரைவர் அண்ணன் கொண்டுவந்த செய்தி.

ஏழு ஊர்களிலும் ஒரே நாளில் கொடியசைத்துத் தொடங்கவேண்டும் என்பது பேரவையின் ஆசை. நாங்கள் இரண்டு ஊர்களில் மட்டும் தொடங்குகிறோம். ஆறு மாதம் கழித்து, என்ன தவறினோம் என்று இதே மண்டபத்தில் கணக்குச் சொல்வோம். அதன் பிறகு மற்ற ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் ஐவர் கொண்ட குழு ஒன்று, அதில் மூவர் பெண்கள், ஒருவராவது நோயாளி. பணியாளரின் வேலையை மதிப்பிடுவதும், வேண்டாமென்றால் நிறுத்துவதும் அக்குழுவின் பொறுப்பு. எங்களை நிறுத்தவும் அதற்கு உரிமை உண்டு.

காலை இழந்த அந்தத் தொழிலாளியை முதல் குழுவில் உறுப்பினராக இருக்கக் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி, கூட்டம் மாலை ஆறு மணிக்குமேல் வைத்தால் தானே கூட்டிவருவதாகச் சொன்னார். ஆகவே வரும் ஞாயிறு முதல் கூட்டம் மாலை ஆறரை மணிக்கு, சிற்றாலய முற்றத்தில். செருப்பு அளவு எடுக்கவேண்டியவர்கள் பழைய செருப்பையும் கையோடு கொண்டுவரவும். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். தன்னார்வலராகச் சேர விரும்புவோர் பெயரைக் கோயில்பிள்ளையிடம் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.